தூங்கும்போது போனவர்கள்

கட்கி, புனே
14 ஜூன் 1994

அன்புள்ள சரசா அக்காவுக்கு,

மல்லிகா எழுதுகிறேன். ஆவடிக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக எழுதிய கடிதம் கிடைத்தது. குவார்ட்டர்ஸ் பெரிதுதான், தண்ணீர்தான் உப்பு என்று எழுதியிருந்தீர்கள். கடைசியில் "பவுன் எப்படி இருக்கிறாள்" என்று எழுதிவிட்டு அதை அடித்திருந்தீர்கள். அடித்தாலும் படிக்க முடிந்தது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

நன்றாக இல்லை, அக்கா.

காலையில் எழுந்ததும் நேராக உங்கள் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுகிறாள். இப்போது அங்கே லீலா என்று ஒருத்தி குடிவந்திருக்கிறாள். பாலக்காட்டுப் பக்கம். நல்லவள்தான். கதவைத் திறந்து பிஸ்கட் கொடுக்கிறாள். பவுன் அதை வாங்கமாட்டாள். லீலாவின் புடவையை விலக்கி உள்ளே எட்டிப் பார்ப்பாள். அந்த இடத்தில் வேறு கட்டில், வேறு பெட்டி. அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிடுவாள். நான் போய்த் தூக்கினால் உடம்பை விறைத்துக்கொண்டு வழுக்கி இறங்குகிறாள்.

"பெற்றவளிடம் வருவதற்கா இத்தனை அழுகை?" என்று லீலா கேட்டாள். அவளுக்கு என்ன தெரியும்? எனக்கு முதல் இரண்டும் முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்த பருவத்தில் போனதை அவள் பார்த்தாளா? மூன்றாவது தங்கவேண்டுமானால் தவிட்டுக்கு விற்றுவிடு என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். உங்கள் பிள்ளை விச்சுவை ஆளாக்கிய கை என்று உங்களிடம் விற்றேன். மற்றவர்கள் விற்ற அன்றே திரும்ப வாங்கி மடியில் போட்டுக்கொள்வார்கள். எனக்குத் தைரியம் வரவில்லை. இங்கே மாவுமில்லில் கிடைத்தது கோதுமைத் தவிடு. அது செல்லுமோ செல்லாதோ என்று வேறு பயம். மூன்று வயது முடியட்டும், அதுவரை நிஜமாகவே உங்கள் பிள்ளையாக உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். பால் கொடுக்க வரும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கொடுத்தேன். என் கண் பட்டு இதுவும் போய்விடக் கூடாதே என்றுதான். பிரியமில்லாமலா?

அதற்குள் உங்கள் வீட்டு அண்ணனுக்கு மாற்றல் வந்துவிட்டது. தவிட்டைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். ஆனால் வந்தது பிள்ளை மாதிரி இல்லை. உங்களைத்தான் அம்மா என்கிறாள். என்னை, நீங்கள் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு, "மல்லிகா" என்கிறாள். "மல்லிகா, தண்ணி."

அவள் எப்படிச் சாப்பிடுவாள், எப்படித் தூங்குவாள் என்று விவரமாக எழுதுங்கள்.

மல்லிகா


ஆவடி
27 ஜூன் 1994

மல்லிகாவுக்கு,

அடித்ததையும் விடாமல் படிக்கிறவளிடம் நான் என்ன மறைக்க முடியும்?

சாப்பாடு: தட்டில் போட்டு எதிரே உட்கார்ந்தால் ஒரு வாய் இறங்காது. ஜன்னல் கட்டையில் உட்காரவை. முதல் உருண்டையைக் காக்காய்க்கு வை. இரண்டாவதை நீ சாப்பிடு. அவளுக்கு இல்லையென்று நினைத்து வாயைத் திறப்பாள். திருட்டுக் கழுதை. ரசம் சோறு என்றால் நெய் கூடாது, தயிர் சோறு என்றால் உப்புத் தூக்கலாக இருக்கவேண்டும். பால்காரன் மராத்தியில் ஏதாவது கேட்டால் "நகோ" என்பாள். அது வேண்டாம் என்று அர்த்தமில்லை, அவன் பேசுவது அவளுக்குப் பிடிக்கும்.

தூக்கத்துக்குப் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பக்கத்தில் படுத்து, உன் உள்ளங்கையை அவள் காதுக்கு அடியில் வை. பாட்டெல்லாம் வேண்டாம். என் குரலுக்கு அவள் அழுதிருக்கிறாள்.

இவ்வளவும் எழுதிவிட்டேன். இனி நீ கேட்காததையும் சொல்கிறேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள். அவளைத் தூக்கு, மல்லிகா. வழுக்கி இறங்கினாலும் மறுபடி தூக்கு. சாமிக்கும் எமனுக்கும் போக்குக் காட்டியது போதும். உன் பிள்ளை உன் முகத்தை நேராகப் பார்த்ததே இல்லை, பிறகு எப்படி உன்னை நம்புவாள்? அப்போதே நான் உன்னோடு சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஏன் போடவில்லை என்று உனக்கும் தெரியும். எனக்கு அவள் வேண்டியிருந்தாள்.

நீ திருப்பிக் கொடுத்த தவிடு இங்கே ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது. பக்கத்து வீட்டில் மாடு வைத்திருக்கிறார்கள், போட்டுவிடு என்கிறார் உங்கள் அண்ணன். மனம் வரவில்லை.

சரசா


கட்கி
19 ஜூலை 1994

அக்காவுக்கு,

காக்காய்க்கு வைத்தேன். நான் சாப்பிட்டேன். அவள் வாயைத் திறக்கவில்லை. காக்காய் போனதும் கதவைப் பார்த்தாள்.

நீங்கள் எழுதியது வலித்தது. என் பிள்ளையை எனக்குத் தூக்கத் தெரியவில்லை என்று நீங்கள் சொல்லலாமா? இரண்டைப் புதைத்துவிட்டு வந்தவள் நான். மூன்றாவதைத் தொட்டால் என் கை சுடும். உங்களுக்கென்ன, விச்சு இருக்கிறான். இப்படி எழுதக் கூடாதுதான். ஆனாலும் அடிக்கப்போவதில்லை. படியுங்கள்.

இப்போது தூக்கமும் போயிற்று. பிடிவாதம் என்கிறார் ரவிச்சந்திரன், பெற்ற அப்பா. ஒரு மாதத்தில் மறந்துவிடும், குழந்தைக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது என்கிறார். எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விளக்கை அணைத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணை அகல விரித்து வைத்திருக்கிறாள். தலை தொங்கும், உடனே தூக்கிவாரிப்போட்டு நிமிர்வாள். நிமிர்ந்ததும் முதலில் கதவைப் பார்க்கிறாள், பிறகு என்னைப் பார்க்கிறாள். என் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றி வைத்துக்கொள்கிறாள். நான் கிட்டே போனால் தள்ளுகிறாள், ஆனால் தலைப்பை விடுவதில்லை. இது பிரியமும் இல்லை. என்னவென்று எனக்குப் புரியவில்லை.

நேற்று நான் பாத்ரூம் போக எழுந்தபோது, தூங்கி வழிந்துகொண்டிருந்தவள் அப்படி ஓர் அலறல் அலறினாள். லீலா கதவைத் தட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள்.

முனி பிடித்திருக்கிறது என்று யாரோ சொல்லி, மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கேயும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மல்லிகா


ஆவடி
1 ஆகஸ்ட் 1994

மல்லிகா,

முனியும் இல்லை, பிடிவாதமும் இல்லை. உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். சமையலை விட்டுவிட்டு உட்கார்ந்து படித்தேன். உங்கள் அண்ணன் இன்று காபியோடு ஆபீஸுக்குப் போனார்.

அவள் உன்னைக் காவல் காக்கிறாள்.

நாங்கள் புறப்பட்ட அன்று விடிகாலை நடந்ததை நினைத்துப் பார். பார்த்தால் அழுவாள், தூங்கும்போதே போய்விடுங்கள் என்று நீ சொன்னாய். அதுதான் சரி என்று நானும் சொன்னேன். குழந்தையை விட்டுவிட்டுப் போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தானே செய்கிறோம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். அவள் காதுக்கு அடியிலிருந்து என் கையை உருவியபோது உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டு திரும்பிப் படுத்தாள். அழாமல் தப்பித்தோம் என்று நிம்மதியாகக்கூட இருந்தது. தப்பித்தது யார்? நாம்தான்.

அவள் கண்ணை மூடும்போது அம்மா இருந்தாள். திறக்கும்போது இல்லை. கட்டில் இல்லை, பெட்டி இல்லை, விச்சு அண்ணன் இல்லை. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தூங்கினால் ஆட்கள் காணாமல் போய்விடுவார்கள். இப்போது அவளிடம் மிச்சம் இருப்பவள் நீ ஒருத்தி. பிடிக்கிறதோ இல்லையோ, நீயும் போய்விடக் கூடாதே என்று தலைப்பைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இரண்டரை வயதில் ராக்காவல்.

ஆனால் செய்ததைச் சரிசெய்ய வழி இருப்பதாகத் தோன்றுகிறது. நான் வருகிறேன். அவளோடு இருக்கிறேன். பிறகு, பட்டப்பகலில், அவள் நன்றாக விழித்திருக்கும்போது, ஸ்டேஷனுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போய், அவளிடம் சொல்லிவிட்டு வண்டி ஏறுகிறேன். அழட்டும். கத்தட்டும். நான் போவதை அவள் பார்க்கவேண்டும். பார்க்கும்போது அவளை நீ தூக்கி வைத்திருக்க வேண்டும். விறைத்தாலும், கடித்தாலும், நீதான். ரவிச்சந்திரன் இல்லை, லீலா இல்லை.

போகும் வண்டியிலிருந்து நான் திரும்பி வரமாட்டேன். அது எனக்குள்ள பாடு.

சரசா


கட்கி
16 ஆகஸ்ட் 1994

அக்காவுக்கு,

வராதீர்கள்.

நீங்கள் வந்தால் உங்கள் இடுப்பை விட்டு இறங்கமாட்டாள். நீங்கள் போனபிறகு என்னைத் திரும்பியும் பார்க்கமாட்டாள். இப்போது தலைப்பையாவது பிடித்துக்கொண்டிருக்கிறாள். அதுவும் போய்விடும். எனக்குக் கிடைத்திருப்பது அவ்வளவுதான், அதையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

மல்லிகா


கட்கி
2 செப்டம்பர் 1994

அக்கா,

எடை இறங்கிவிட்டது. டாக்டர் ஊசி போட்டார். உடம்பில் ஒன்றும் இல்லை என்கிறார். பேச்சும் நின்றுவிட்டது. மல்லிகா என்றுகூடக் கூப்பிடுவதில்லை. மூன்றாவதும் போய்விடும் போலிருக்கிறது.

வாருங்கள். நீங்கள் சொன்னபடியே செய்கிறேன்.

மல்லிகா


கட்கி
11 அக்டோபர் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

வண்டி கிளம்பியபிறகு என்ன ஆயிற்று என்று நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். நீங்கள் ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றதுதான் எனக்குக் கடைசியாகத் தெரிந்தது. மீதியை எழுதவேண்டியது என் கடமை.

நீங்கள் இங்கே இருந்த நாட்களில் அவள் சாப்பிட்டதையும் சிரித்ததையும் நான் சமையலறையில் நின்று பார்த்தேன். பொறாமைப்பட்டேன். என்னையும் கூப்பிட்டுக் கட்டிலில் படுக்கவைத்து, ஒரு காதுக்கு உங்கள் கை, ஒரு காதுக்கு என் கை என்று வைத்தீர்களே, அப்போதும் பொறாமைதான். ஆனால் அன்று நீங்கள் வெளியே போய்விட்டு வந்தது தெரியாமல் அவள் என் கைமேலேயே தூங்கினாள். அதை உங்களிடம் சொல்லாமல் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

பிளாட்பாரத்தில் நீங்கள் அவள் முகத்தைப் பிடித்து, "பவுனு, அம்மா ஊருக்குப் போறேன். நீ முழிச்சிருக்கும்போதே சொல்றேன். மல்லிகா எங்கேயும் போகமாட்டா" என்று சொன்னபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. வண்டி நகர்ந்ததும் அவள் கத்திய கத்தலில் கூலிக்காரர்கள்கூட நின்றுவிட்டார்கள். ரவிச்சந்திரன் கையை நீட்டினார். கொடுக்கவில்லை. என் தோளில் கடித்தாள். ரத்தம் வந்தது. காலால் வயிற்றில் உதைத்தாள். நான் அவள் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே நின்றேன், அக்கா. பிறந்ததிலிருந்து முதல்முறையாக, திரும்பாமல் பார்த்தேன். அவள் கண் உங்கள் கண் மாதிரியும் இல்லை, என் கண் மாதிரியும் இல்லை. எங்கள் அப்பா கண்.

கடைசிப் பெட்டியும் போனபிறகு அவள் தண்டவாளத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு, கடித்த இடத்திலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். என்னிடமிருந்து விலகி அழவில்லை, என்மேல் சாய்ந்து அழுதாள். ரிக்ஷாவில் சங்கம் பாலம் தாண்டும்போது தூங்கிவிட்டாள். தலைப்பைப் பிடிக்கவில்லை. கை விரிந்தே கிடந்தது.

இப்போது சாப்பிடுகிறாள். எங்கே போனாலும் சொல்லிவிட்டுப் போகிறேன். தண்ணீர் பிடிக்கப் போனாலும், பாஜிக்காரனிடம் காய் வாங்கப் போனாலும், தூங்கினால் எழுப்பியே சொல்கிறேன். லீலாவுக்குச் சிரிப்பாக இருக்கிறது. நேற்று அம்மா என்றாள். என்னைப் பார்த்துச் சொன்னாளா, உங்களை நினைத்துச் சொன்னாளா தெரியாது. நான் ஓடிப்போனேன்.

ஒன்று கேட்கவேண்டும். எப்படிக் கேட்பதென்று இத்தனை பக்கம் சுற்றினேன். கொஞ்ச காலத்துக்கு இங்கே வரவேண்டாம், அக்கா. போட்டோ, பொம்மை எதுவும் அனுப்பவேண்டாம். அவள் எனக்கு இப்போதுதான் பிறந்திருக்கிறாள்.

மல்லிகா


ஆவடி
24 அக்டோபர் 1994

மல்லிகாவுக்கு,

சரி.

நீ கேட்பாய் என்று ஸ்டேஷனிலேயே தெரியும். உன்மேல் வருத்தம் இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். அது என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும்.

தோளுக்கு மஞ்சள் வை. தவிட்டை மாட்டுக்குப் போட்டுவிட்டேன்.

சரசா


கோந்த்வா, புனே
3 ஜூன் 2009

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படித் தொடங்குவது? அண்ணன் காலமான செய்தி கேட்டு ஒரு கார்டு போட்டேனே, அதோடு சரி. கொஞ்ச காலம் என்று கேட்டேன். ஒவ்வொரு வருஷமும் இன்னும் கொஞ்ச காலம் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். பயம் போகவில்லை. பிறகு பயம் போய் வெட்கம் வந்தது.

இவர் ரிடையராகி, இங்கே கோந்த்வாவில் சின்னதாக ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கிறோம். பவுனுக்குப் பதினேழு முடிந்துவிட்டது. இங்கே யாரும் அவளைப் பவுன் என்று கூப்பிடுவதில்லை, ராஜஸ்ரீதான். தமிழ் பேசுவாள், தட்டுத்தடுமாறி, நடுநடுவே இந்தி. எழுதப் படிக்க வராது. சென்னையில் ஒரு நர்சிங் கல்லூரியில் நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறார்கள். தோழி குடும்பத்தோடு ரயிலில் வருகிறாள். அவர்கள் தாம்பரத்தில் உறவினர் வீட்டில் தங்குகிறார்கள், அங்கே இடம் போதாதாம். இரண்டு நாள் உங்களோடு இருக்கட்டுமா?

கட்கியில் பக்கத்து வீட்டில் இருந்த ஆன்ட்டி என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். தவிட்டுக்கு விற்றதும் தெரியும், சிரிப்பாள். உங்களிடம் வளர்ந்தது தெரியாது. ஸ்டேஷனும் நினைவில்லை. கேட்டுப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை என்றாள். சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். நீங்கள் சொன்னால் நான் தடுக்கமாட்டேன். அதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

மல்லிகா


ஆவடி
21 ஜூன் 2009

மல்லிகாவுக்கு,

போனில் பேசுங்கள் என்று நம்பர் கொடுத்தனுப்பியிருந்தாய். போனில் எனக்கு வராது. அழுதுவிடுவேன், நீ காசு போகிறதே என்று பதறுவாய்.

உன் பெண் வந்தாள், இருந்தாள், போனாள். நேர்முகம் நன்றாகச் செய்ததாகச் சொன்னாள். உயரம் ரவிச்சந்திரன். கண் உங்கள் அப்பாவுடையது என்று நீ எழுதியிருந்தாய், பார்த்துக்கொண்டேன். கையில் உங்கள் ஊர்ப் பலகாரம் பாகர்வடி ஒரு டப்பா கொடுத்து, காலில் விழுந்து, "நமஸ்தே ஆன்ட்டி" என்றாள். நீ வைத்த பெயரைச் சொல்லியே கூப்பிட்டேன். பவுன் என்று நாக்கு நுனிவரை வந்தது. காபியோடு விழுங்கினேன்.

ரசம் சோற்றுக்கு நெய் வேண்டாம் என்றாள். சொல்லும் முன்பே நான் நெய்யை ஊற்றாமல் வைத்திருந்தேன். "எப்படித் தெரியும் ஆன்ட்டி?" என்று கேட்டாள். உங்கம்மா எழுதினாள் என்று சொல்லிவிட்டேன். மீதி எதையும் சொல்லவில்லை. சொல்லி என்ன? உன்னை நான்தான் வளர்த்தேன் என்றால், அந்தப் பிள்ளை தனக்கு நினைவில்லாததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கும். அதை நான் தாங்கமாட்டேன்.

இரண்டாம் நாள் படுத்தபோது பேச்சுவாக்கில் கையை அவள் தலையணைப் பக்கம் வைத்தேன். தூக்கக் கலக்கத்தில் நகர்ந்து வந்து காதை அதன்மேல் வைத்தாள். நான் அசையவில்லை. கை மரத்துப்போனது.

இனி எழுதுவதற்காகத்தான் இந்தக் கடிதமே. மறுநாள் விடிகாலை அவள் தோழி வீட்டார் வண்டியோடு வந்து ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. நான் முன்பே விழித்துவிட்டேன். ஆனால் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு படுத்திருந்தேன். ஒருமுறை பார்த்தது போதும், இன்னொருமுறை என்னால் ஆகாது. தூங்குகிறாள் என்று நினைத்துச் சத்தமில்லாமல் போய்விடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். குளித்தாள், பையைக் கட்டினாள், கதவைத் திறந்தாள். செருப்பைப் போட்டாள். அப்பாடா என்று இருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளைத் தொட்டு எழுப்பினாள். நான் தூங்குகிற மாதிரியே கிடந்தேன். விடவில்லை. கீழே வண்டி ஹாரன் அடிக்கிறது, இவள் அசையவில்லை. நான் கண்ணைத் திறக்கும்வரை தட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஆன்ட்டி, நான் போயிட்டு வரேன். நீங்க தூங்கும்போது சொல்லாம போகக் கூடாது."

யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். யாருமில்லை, எப்பவும் இப்படித்தான், அம்மா திட்டுவாங்க, பிரெண்ட்ஸ் சிரிப்பாங்க, ஆனா எழுப்பாம போனா நாள் முழுக்க நெஞ்சு என்னவோ பண்ணும் என்றாள்.

ஏன் அழறீங்க என்று கேட்டாள். புகை என்றேன். அடுப்பே பற்றவைக்கவில்லை, மல்லிகா.

எழுந்து வாசல்வரை வந்தேன். அவள் வண்டியில் ஏறுவதைப் பார்த்தேன். தெரு திரும்பும்வரை நின்று பார்த்தேன். அவளும் பின் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே போனாள்.

சரசா